கிண்ணத்தோடு நிற்கலாமா?

நாசிக்கின் திராட்சை மது ஆலைகளை ஒரே நாளில் சுற்றிக்காட்டும் உலாவுக்கு நம் மாணவர் சிலர் செல்கின்றனர். செல்லட்டும், குடிப்பதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். ஆனால் காணவேண்டியது கொடியில் இருக்கிறது என்பேன் நான். ஏப்ரலில் ஒருமுறை, மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் மறுமுறை என ஆண்டுக்கு இரண்டு கவாத்து. அதன் பயனாகச் சனவரி முதல் மார்ச்சு வரை ஒரே அறுவடை. கத்தரி பிடித்த அந்தக் கைகளை உலாவில் நாம் காண்பதுண்டா? 2001இல் மராட்டிய மாநில அரசு தனிக் கொள்கையே வகுத்து இத்தொழிலை ஊக்குவித்தது. அந்த ஊக்கத்தில் கூலியாளுக்குப் பங்கு எவ்வளவு? எஃகுத் தொட்டிகளைப் பெருமையுடன் காட்டும் வழிகாட்டியிடம் இதைக் கேளுங்கள், நண்பர்களே! கேள்வியற்ற உலா மாணவனுக்கு அழகன்று.