வேரைத் தேடி மண்ணுக்குள் இறங்கிய வீவர்

பயிரைப் பத்தி நாம பேசுற பேச்செல்லாம் மண்ணுக்கு மேலதான். இலை வெளுத்தா யூரியா, ஓரம் கருகினா பொட்டாஷ், வாடினா மோட்டாரைப் போடு. உரக்கடைக்குப் போகும்போதும் ரெண்டு இலையைக் கிள்ளி எடுத்துக்கிட்டுப் போறோம். யாராவது செடியோட பிடுங்கிட்டு வந்தாலும், கையோட வர்ற வேர் கொஞ்சம்தான். மீதி உள்ளேயே அறுந்து நின்னுடும்.

அந்த உள்ளே நின்றுபோன வேரைத் தேடியே ஒரு மனிதர் தன் ஆராய்ச்சி வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தார். பெயர் ஜான் எர்னஸ்ட் வீவர். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1884-இல் பிறந்தவர். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 1952 வரை தாவரச் சூழலியல் பேராசிரியராக இருந்தவர். 1966-இல் காலமானார். புது ரகம் எதையும் நமக்குக் கொடுத்தவர் இல்லை, உரமோ மருந்தோ கண்டுபிடித்தவரும் இல்லை. ஆனாலும் விவசாயிக்குப் பயன்பட்ட ஆராய்ச்சியாளர்னு நான் ஒரு பட்டியல் போட்டா இவர் பேர் மேல்வரிசையிலதான் இருக்கும். ஏன்னு சொல்றேன்.

முதலில் அவர் வேலை செய்த விதம். செடிக்குப் பக்கத்தில் சுமார் இரண்டரை அடி அகலம், ஐந்து அடி ஆழத்துக்கு நீளமாக ஒரு குழி வெட்டுவார்கள். அதற்குள் இறங்கி நின்றுகொண்டு, குழியின் பக்கச் சுவரில் இருந்து சின்னக் கொத்தும் ஐஸ் உடைக்கிற ஊசியும் வைத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தி எடுப்பார்கள். ஒவ்வொரு வேரும் எங்கே தொடங்குது, எங்கே கிளைக்குது, எங்கே முடியுதுன்னு நுனி வரைக்கும் தொடர்ந்து போவார்கள். வேர் இன்னும் கீழே போனால் குழியும் கீழே போகும். வெளிப்பட வெளிப்பட, அளந்து, பெரிய தாளில் அளவுப்படி வரைவார்கள். ஒரே பயிரை இளம் பருவத்தில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, முதிர்ந்தபின் ஒரு முறை என்று திரும்பத் திரும்பத் தோண்டினார்கள்.

கிணறு வெட்டின வீட்டுக்காரங்களுக்குத் தெரியும், மே மாச வெயில்ல குழிக்குள்ள நிக்கிறது என்ன பாடுன்னு. இதை ஒரு பேராசிரியர் தன் மாணவர்களோட வருஷக்கணக்கா செஞ்சிருக்கார்.

புல்வெளித் தாவரங்களின் வேர்களைப் பற்றி 1919-லும் 1920-லும் புத்தகங்கள் வந்தன. 1926-இல் வயல் பயிர்களின் வேர் வளர்ச்சி பற்றி ஒன்று. 1927-இல் வில்லியம் புரூனரோடு சேர்ந்து காய்கறிப் பயிர்களின் வேர்களைப் பற்றி இன்னொன்று. இந்தக் கடைசி இரண்டும் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலம் சரளமா வராதவங்களும் படங்களைப் பார்க்கலாம், படமே பாதி விஷயத்தைச் சொல்லிடும். மக்காச்சோளத்தின் வேர் 5 அடியைத் தாண்டி இறங்கி நிற்கும். வெங்காயம் மேல்மண்ணை நம்பியே பிழைக்கிற பயிர்னு பார்த்த உடனே புரியும்.

ஆழத்தில் வேர் இருக்கிறது, சரி. அது வேலை செய்கிறதா, சும்மா பிடிமானத்துக்கு நிற்கிறதா? இந்தக் கேள்வியையும் அவர் விடவில்லை. ஜீன், கிரிஸ்ட் என்ற இருவரோடு சேர்ந்து 1922-இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய கொள்கலன்களில் மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, அடுக்குகளுக்கு நடுவே மெழுகு ஊற்றிப் பிரித்தார்கள். வேர் மெழுகைத் துளைத்துப் போகும், தண்ணீர் போகாது. அதனால் எந்த அடுக்கிலிருந்து எவ்வளவு தண்ணீரும் நைட்ரேட்டும் எடுக்கப்பட்டது என்று தனித்தனியாக அளக்க முடிந்தது. அடியில் இருக்கும் வேர்களும் உறிஞ்சுகின்றன, அதுவும் பயிர் முதிரும் சமயத்தில் நன்றாகவே உறிஞ்சுகின்றன என்று தெரிந்தது. கதிர் பால் பிடிக்கிற நேரத்துல மேல்மண் காய்ஞ்சு கிடந்தும் ஒரு வயல் தாக்குப் பிடிக்குது, பக்கத்து வயல் சாய்ஞ்சுடுதுன்னா, காரணத்தை எங்கே தேடணும்னு இதுல இருந்து தெரிஞ்சுக்கலாம்.

1930-களில் அமெரிக்காவின் நடுப்பகுதியைப் பெரும் வறட்சி பிடித்தது. உழுத நிலத்து மண் புழுதிப் புயலாகப் பறந்த காலம் அது. வீவரிடம் வறட்சிக்கு முந்தைய புல்வெளிக் கணக்கு ஏற்கெனவே இருந்தது. எங்கே எந்தப் புல், எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு ஆழத்தில் வேர் என்பதெல்லாம் எழுத்தில் இருந்தது. அதனால் கன்சாஸைச் சேர்ந்த ஆல்பர்ட்சனோடு சேர்ந்து, எது செத்தது, எது பிழைத்தது என்று ஆண்டுதோறும் ஒப்பிட முடிந்தது. மேலாக வேர் ஓடிய புற்கள் பரவலாக அழிந்தன. ஆழமாக வேர் விட்ட பல செடிகள் மீண்டன. வெறும் இடத்தில் வேறு புற்கள் புகுந்து பரவின. நல்ல மழைக் காலத்தில் பொறுமையா எழுதி வெச்ச நோட்டு இல்லாமப் போயிருந்தா, பஞ்சத்துல என்ன நடந்ததுன்னு இவ்வளவு துல்லியமா யாராலும் சொல்லியிருக்க முடியாது.

மாடு வைத்திருப்பவர்களுக்கும் அவரிடம் ஒரு சேதி உண்டு. பிஸ்வெல் என்பவரோடு 1933-இல் வெளியிட்ட ஆய்வில், அடிக்கடி ஒட்ட வெட்டிய புல்லின் வேர்வளர்ச்சி மிகவும் குறைந்துபோனதைக் காட்டினார்கள். மேலே வெட்ட வெட்ட, கீழே வேருக்குப் போக வேண்டிய சாப்பாடு நின்று போகிறது. தீவனப்புல்லை அவசரப்பட்டு அறுக்கிறவங்க இதை மனசுல வெச்சுக்கணும்.

இப்போ என் கருத்துக்கு வர்றேன். ஒரு ஆராய்ச்சியாளரின் பெருமையை இன்று எத்தனை கட்டுரை, அதை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கிலும் வீவர் குறைந்தவர் இல்லை. அமெரிக்கச் சூழலியல் சங்கத்துக்கு 1930-இல் தலைவராக இருந்தவர். பிரெடரிக் கிளெமென்ட்ஸோடு சேர்ந்து 1929-இல் அவர் எழுதிய பாடநூல் அந்தக் காலத்தில் பெரிய பெயர் வாங்கியது. ஆனால் அந்த நூலின் முக்கியக் கொள்கை, அதாவது ஒரு பகுதியின் தாவரக் கூட்டம் படிப்படியாக மாறிக் கடைசியில் அந்தத் தட்பவெப்பத்துக்கு உரிய ஒரே நிலையில் போய் நிற்கும் என்பது, பின்னால் வந்தவர்களால் பலமாக மறுக்கப்பட்டது. கொள்கை ஆட்டம் கண்டுவிட்டது. வேர்ப்படங்களோ அப்படியே நிற்கின்றன. 1990-களில் உலகம் முழுவதும் உள்ள தாவரங்களின் வேர் ஆழத்தைத் தொகுக்க ஆராய்ச்சியாளர்கள் முயன்றபோதும், இப்படிக் குழி வெட்டி அளந்தவர்களின் பழைய கணக்குகளைத்தான் தேடிப் போக வேண்டியிருந்தது.

ஒரு ஆராய்ச்சியோட மதிப்பை நான் இப்படித்தான் பார்க்கிறேன். நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் கடப்பாரையைத் தூக்கிக்கிட்டுப் போயி அது சரியான்னு சோதிக்க முடியணும். வீவரோட படங்களை அப்படிச் சோதிக்கலாம்.

"அது நெப்ராஸ்கா மண்ணுங்க, நம்ம மண்ணுக்கு எப்படிப் பொருந்தும்?"னு கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே பல இடத்தில் காற்று கொண்டுவந்து சேர்த்த மென்மையான ஆழ மண். நம்ம செம்மண் மேட்டில் இரண்டடிக்குக் கீழே சுக்கான்கல் தட்டும். நெல் வயலில் சேறு கலக்கிக் கலக்கி, கொஞ்ச ஆழத்திலேயே இறுகின தட்டு உருவாகியிருக்கும். அதனால் அவருடைய அடிக்கணக்கை அப்படியே எடுத்துக்கக் கூடாது, அவர் செய்த வேலையை எடுத்துக்கணும். வேர் எவ்வளவு ஆழம்னு தெரியாம சொட்டுநீரை எத்தனை மணி நேரம் விடணும்னு முடிவு பண்றது, பானை அளவு தெரியாம உலை வைக்கிற மாதிரி. வேருக்குக் கீழே போன தண்ணியும், அதுல கரைஞ்ச யூரியாவும் அந்தப் பயிருக்கு இல்லை. ஆயிரம் அடி போர் போடக் கடன் வாங்குற ஊர்ல, மூணடிக் குழி வெட்ட யோசிக்கிறோம்.

எங்க தோட்டத்துல ஒரு பருத்திச் செடியோரம் வெட்டிப் பார்த்தேன். ஆணிவேர் முக்கால் அடி நேரா இறங்கி, அதுக்குக் கீழே இறுகின மண்ணுல முட்டி, பக்கவாட்டுல திரும்பி ஓடியிருந்தது. இலையைப் பார்த்து எந்த வருஷமும் இது தெரிஞ்சிருக்காது. கோடையில உளிக்கலப்பை ஓட்டணும்னு முடிவு பண்ண அந்த ஒரு குழி போதுமானதா இருந்தது.

வயல்விழா நடத்துற அதிகாரிகள்கிட்டயும் ஒரு வேண்டுகோள். செடி உயரத்தையும் காய் எண்ணிக்கையையும் காட்டுறீங்க, நல்லது. பக்கத்துலயே ஒரு குழி வெட்டி வேரையும் காட்டுங்க. ஆராய்ச்சி மாணவர்களுக்கும் அப்படித்தான். கண்ணாடிக் குழாய்க்குள் கேமரா விட்டு வேரைப் படம் பிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் அவை காட்டுவது குழாயை ஒட்டிய கொஞ்சம் இடத்தைத்தான். ஒரு செடியோட முழு வேரும் வேணும்னா இன்னைக்கும் மண்ணுக்குள்ள இறங்கித்தான் ஆகணும். அப்படி ஒரு பருவம் முழுக்க உழைக்கிற மாணவருக்குப் பணமும் காலமும் பாராட்டும் கிடைக்கணும்.

அறுவடை முடியுற வாரம்தான் இதுக்குத் தோதான நேரம். வரப்போரம் வேண்டாம், வயல் நடுவுல ஒரு செடியைத் தேர்ந்தெடுங்க. ஒரு சாண் தள்ளி, மூணடி ஆழத்துக்கு வெட்டுங்க. கைத்தெளிப்பானால மெதுவா தண்ணி பீய்ச்சினா மண்ணு கரைஞ்சு வேர் தெரியும். நுனி எங்கே நிக்குது, எங்கே வளைஞ்சிருக்கு, எந்த ஆழத்துல அடர்த்தியா இருக்குன்னு அளந்து நோட்டுல எழுதி வைங்க. பயிர் பேரும் மண் வகையும் சேர்த்து எழுதினா எனக்கும் அனுப்புங்க. நம்ம பக்கத்து வேர்க்கணக்கை நாமளே சேர்ப்போம்.