மூளைக்கு எண்ணெய்

நம் வீட்டுச் சரக்கையே வெளிநாட்டுப் பெட்டியில் போட்டுக் கொடுத்தால் நாம் இரட்டை விலை கொடுத்து வாங்குவோம். பச்சைக் குழந்தைக்கு உடம்பு பிடித்துவிடும் விஷயத்திலும் இப்போது அதுதான் நடக்கிறது.

திருவள்ளூரைத் தாண்டி, அரக்கோணம் மார்க்கத்தில் இருக்கிறது கடம்பத்தூர். அங்கே ஒரு பாட்டி என்ன செய்வாள்? மணையில் உட்கார்ந்து காலை நீட்டிக் குழந்தையைக் கால்மேல் கிடத்துவாள். எண்ணெய் தடவிக் கைகால்களை நீவி, வெந்நீர் வார்ப்பாள். "அலுப்புத் தீர்ந்து தூங்கும்" என்பாள். "மூளை வளரும்" என்று அவள் சொல்வதில்லை.

அந்தக் காரியத்தைத்தான் இப்போது 'சீன முறை மஸாஜ்' என்று விற்கிறார்கள். இங்கே அமுக்கினால் புத்தி, அங்கே அமுக்கினால் நடை என்று பட்டியல் வேறு!

சீனர்கள்மேல் குற்றமில்லை. 1601-இல் யாங் ஜிஜோ வெளியிட்ட 'ஜென்ஜியூ தாச்செங்' என்ற வைத்திய நூலில் குழந்தைகளுக்கான மஸாஜ் பற்றித் தனிப் பகுதியே உண்டு. ஆனால் அது ஜுரம், வலிப்பு, வயிற்றுப்போக்கு ஆகிய நோய்களுக்குச் சொன்ன வைத்தியம். பிள்ளை பள்ளிக்கூடத்தில் முதல் ராங்க் வாங்குவதற்குச் சொன்ன வழியல்ல.

"ஆராய்ச்சி இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது. 1986-இல் அமெரிக்காவில், ஆஸ்பத்திரியிலிருந்த குறைமாதக் குழந்தைகளுக்குப் பத்து நாள், தினம் மூன்று வேளை நீவிவிட்டார்கள். நீவாத குழந்தைகளைவிட இவை 47 சதவிகிதம் கூடுதலாக எடை போட்டன. நல்ல சேதிதான். ஆனால் நிறைமாதத்தில் சுகமாகப் பிறந்த குழந்தைக்கு? 2013-இல் 'காக்ரேன்' ஆய்வாளர்கள் 34 ஆராய்ச்சிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பலவற்றின் தரமே சந்தேகம். சிபாரிசு செய்ய ஆதாரம் போதாது என்று முடித்தார்கள்.

குழந்தையைத் தடவுவது வீண் என்று நான் சொல்லவில்லை. கை படுவதும், முகம் பார்ப்பதும், பேச்சுக் கொடுப்பதும் குழந்தைக்கு அமிர்தம். அதற்கு மூளை என்று பெயர் சூட்டி, "செய்யாவிட்டால் உங்கள் பிள்ளை பின்தங்கிவிடும்" என்று பெற்றவர்களின் பயத்தைக் காசாக்குவதுதான் அக்கிரமம்.

அதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. ஐந்து மாதமாகியும் கழுத்து நிற்கவில்லையென்றால் குழந்தையை டாக்டரிடம் காட்ட வேண்டும். இத்தகைய குழந்தைகளை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதற்காக 2013-இல் மத்திய சர்க்கார் ஒரு திட்டமே தொடங்கி, மாவட்ட அளவில் மையங்களுக்கு வழி செய்தது. "இன்னும் பத்து நாள் பிடித்துப் பார்ப்போம்" என்று தள்ளிப்போட்டால், அந்த நாட்கள் குழந்தையின் கணக்கில்தான் நஷ்டம்.

பாட்டிக்கும் ஒரு வார்த்தை. மூக்கில் எண்ணெய் விடுவதும் வாயால் ஊதுவதும் வேண்டாம். அந்த எண்ணெய் நுரையீரலில் இறங்கி நோயாகிறது. தென்னிந்தியக் குழந்தைகளுக்கு இப்படி வந்த நோயைப் பற்றி 1973-லேயே பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகை எழுதியது. பழக்கம் பழையது என்பதால் அது நல்லதாகிவிடாது.

கடைசியாக ஒன்று. திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்டு பார்க்கும் தாய், குழந்தையை மடியில் போட்டு நீவிவிட எங்கே நேரம்? பிரசவ விடுமுறையைச் சட்டம் 2017-இல் 26 வாரமாக்கியது. காண்ட்ராக்ட் வேலைக்காரிக்கு அது முழுசாகக் கிடைக்கிறதா? குழந்தைகளின் மூளையைப் பற்றி நிஜமாகவே கவலைப்படுகிறவர்கள் முதலில் அதைக் கேட்கட்டும். அவளுக்கு நாட்களைக் கொடுங்கள். எண்ணெயை அவளே வாங்கிக்கொள்வாள்.