நாட்டார் தீர்ப்பும் நாதியற்றோர் கணக்கும்

மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள், தோழர்களே! வெள்ளை வெளேரெனக் குவிந்து கிடக்கும் உப்பு; அதை வாரிக் குவித்தவன் காலிலே வெடிப்பு! அந்தப் பாத்திகளைத் தாண்டிக் கடலோரம் போனால் எக்கியார்குப்பம், அனுமந்தைக்குப்பம், கூனிமேட்டுக்குப்பம் என மீனவர் குப்பங்கள். அங்கே சர்க்கார் அறிந்த தலைவர் ஒருவர் உண்டு. ஊராட்சி மன்றத் தலைவர். ஊர் அறிந்த தலைவரும் உண்டு. நாட்டார் என்பர், பஞ்சாயத்தார் என்பர். முன்னவரிடம் முத்திரை இருக்கிறது. பின்னவரிடம் சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பற்றியே இன்று சிந்திக்கிறோம்.

நாட்டார் என்றதும் நையாண்டி செய்துவிட்டு நகர்ந்துவிட நாம் விரும்பவில்லை. நல்லதை நல்லதென்றே சொல்வோம். நடுக்கடலில் ஒருவன் வலையை மற்றொருவன் படகு அறுத்துவிட்டால் யாரிடம் போவது? போலீசுக்குப் போனால் நாள் போகும். கோர்ட்டுக்குப் போனால் ஆண்டு போகும். வக்கீலிடம் போனால் வலையோடு படகும் போகும்! நாட்டாரிடம் போனால் ஊர் கூடும், இருதரப்பும் பேசும், நட்டஈடு முடிவாகும். எந்த வலை ஆகாது, எந்த நாளில் எவரும் தொழிலுக்குப் போகலாகாது என்று கட்டுப்பாடு வகுப்பதும் அந்தக் கூட்டமே. 1983இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றிற்று; கரையை ஒட்டிய 3 கடல்மைல் நாட்டுப்படகுகளுக்கே என்றது. காகிதத்தில் கோடு போட்டது சட்டம். அந்தக் கோட்டைக் காக்கக் கடற்கரையில் குரல் கொடுத்தவை குப்பத்துப் பஞ்சாயத்துகள்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அடித்தது. நிவாரண மூட்டையோடு வந்தவர்கள் யாரைத் தேடினார்கள்? பஞ்சாயத்தாரைத்தான். எத்தனை குடும்பம், எவன் படகு போயிற்று, எவன் குடிசை போயிற்று என்ற கணக்கு அவர்களிடம் இருந்தது. உதவி விரைந்து சேர அது பயன்பட்டது. மறுப்பார் இல்லை.

ஆனால், அந்தக் கணக்கில் யார் இருந்தார்கள், யார் இல்லை? இங்கேதான் இடிக்கிறது! குப்பத்துக் கணக்குக்குத் 'தலைக்கட்டு' என்று பெயர். வரி கட்டும் ஆண்மகன் ஒரு தலை. விடியுமுன் எழுந்து, கூடையைத் தலையில் ஏற்றி, வெயிலில் நடந்து, மீன் விற்றுக் காசு கொண்டுவரும் அவன் மனைவி? அவளுக்குச் சுமக்கத் தலை உண்டு. கணக்கிலே தலை இல்லை! உப்பங்கழியில் இறங்கி வெறுங்கையால் இறால் பிடிக்கும் இருளர் யார்? உப்பளத்தில் கூலிக்கு உழைக்கும் ஆதிதிராவிடர் யார்? அதே அலையில் பிழைப்பை இழந்தவர்களே அவர்களும். ஆனால் ஊர்க்கணக்குக்கு அயலார். தமிழகக் கடற்கரையில் பல இடங்களில் கைம்பெண்களும் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் நிவாரணப் பட்டியலில் விடுபட்ட செய்தி அப்போதே வெளிவந்தது. கடல் சாதி கேட்கவில்லை, கணக்கு கேட்டது!

இது நம் கரையின் கதை மட்டுமல்ல. அரபிக்கடலுக்கு அப்பால், ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையிலே சோமாலியர் நாடு. அங்கே குலத்துக்குக் குலம் தலைவர். சுல்தான், உகாஸ், கராத் என்று பட்டங்கள். கொலை நடந்தால் பழிக்குப் பழி என்று பாயாமல், ஈடு பேசி முடிக்கும் வழக்குச் சட்டம் அவர்களிடம் உண்டு. ஆணுயிருக்கு 100 ஒட்டகம்; பெண்ணுயிருக்கு 50! 1991இல் அந்நாட்டு அரசு கவிழ்ந்தது. வடபுலத்தில், 1993இல் போராமா என்னும் ஊரில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசி, போரிட்ட குலங்களைச் சேர்த்து வைத்தவர்கள் இந்தப் பெரியவர்களே. பட்டாளம் செய்யாததைப் பேச்சு செய்தது. பாராட்டுவோம்!

பிறகு நடந்தது என்ன? அந்தப் பெரியவர்களுக்கென 82 பேர் கொண்ட மேலவை அமைந்தது. 1993 முதல் அந்த அவை ஓட்டுப் பெட்டியைக் கண்டதே இல்லை. காலம் முடிந்தால் காலம் நீட்டிக்கப்படும். உறுப்பினர் மறைந்தால் உறவினர் வந்து அமர்வார். தெற்கே மொகதிசுவில் 2012இல் நாடாளுமன்றத்தின் 275 இடங்களுக்கு ஆள் பொறுக்கியவர்கள் 135 குலப்பெரியவர்கள். பங்கீடோ நாலரை! நாலு பெருங்குலங்களுக்கு ஆளுக்கொரு முழுப்பங்கு. மற்றச் சிறுபான்மையோர் அனைவருக்கும் சேர்த்து அரைப்பங்கு. அந்த அரைப்பங்கும் நமது தலைக்கட்டும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்லவா?

தலைவரை நாம் குறை கூறவில்லை. தட்டிக் கேட்க முடியாத தலைமையைக் குறை கூறுகிறோம். சமாதானம் செய்த கைதான். கேள்வி கேட்பாரில்லை என்றானதும் அதுவே சுங்கம் வசூலிக்கும் கையாகிவிடுகிறது.

மாற்ற முடியாதா என்று மலைப்பவர்களுக்குச் சொல்வோம். கர்ணம், மணியம் என்று குடும்பச் சொத்தாக இருந்த கிராம உத்தியோகம் 1980இல் தமிழ்நாட்டில் ஒழிந்தது. வானம் இடிந்து விழவில்லை! சாதியின் பேரால் தண்டனை விதிக்கும் கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011இல் சுப்ரீம் கோர்ட், நம் மாநிலத்து வழக்கிலேயே, தீர்ப்பளித்தது. உள்ளாட்சி மன்றங்களில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. குப்பமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. வழிவழியாக வந்த நாட்டார் பதவி, பல ஊர்களில் ஊர் கூடித் தேர்ந்தெடுக்கும் பதவியாகிவிட்டது. ஆனால் தேர்ந்தெடுக்கக் கூடும் அந்த ஊரிலே பெண் எங்கே?

இனி நம்மவர்களுக்கு ஒரு சொல். கசக்கும், விழுங்குங்கள். தேர்தல் வந்தால் நம் தோழர் என்ன செய்கிறார்? நேரே நாட்டார் வீட்டுக்குப் போகிறார், சால்வை போர்த்துகிறார், "குப்பம் முழுதும் நமக்கே" என்று தலைமைக்குச் சொல்லி அனுப்புகிறார். ஒரு சால்வைக்கு ஓராயிரம் ஓட்டு! மலிவான வியாபாரம்தான். ஆனால் ஆளுக்கொரு ஓட்டு என்று மேடையில் முழங்கிவிட்டு, ஊருக்கொரு ஓட்டு என்று கொல்லைப்புறத்தில் பேரம் பேசலாமா? அதிகாரிகளும் அதே வழி. நாட்டார் பட்டியலே சர்க்கார் பட்டியல், வேலை சுலபம்!

நாட்டார் நாற்காலியைக் கடலில் தூக்கி எறியச் சொல்லவில்லை நாம். கூட்டத்தில் பெண்ணும் உட்காரட்டும். கைம்பெண்ணும் ஒரு முழுத்தலை ஆகட்டும். ஊர்ப் பணத்தின் வரவு செலவு ஊரறிய வாசிக்கப்படட்டும். ஊர்விலக்கு என்ற தண்டனை ஒழியட்டும். நிவாரணம் என்று வந்தால் சர்க்கார் தானே வீடுவீடாக எண்ணட்டும். உப்பளத் தொழிலாளியும் இருளரும் அதிலே இடம்பெறட்டும். இவ்வளவும் செய்தால் நாட்டார் சொல் நலியாது, வலுக்கும்!

அடுத்தமுறை குப்பத்துக்குப் போகும் தோழர், நாட்டாருக்கு வணக்கம் சொல்லட்டும், அது பண்பு. சொல்லிவிட்டு, கூட்டத்துக்கு வெளியே கூடையோடு நிற்கும் அந்தத் தாயிடமும் போகட்டும். "நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று கேட்கட்டும். அதுதான் நம் வேலை.