கண்டுபிடித்தவனுக்குக் கூலி

எழுநூறு ரூபாய் ரப்பர் ஓஸ் ஒன்று கிழிந்து போனதற்காக என்னிடம் ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய் கேட்டார்கள். கேட்டவர்கள் மேல் எனக்கு இருந்த கோபம் தணிந்துவிட்டது. என் மேல் உள்ள கோபம்தான் தணியவில்லை. உங்கள் மேலும் கொஞ்சம் இருக்கிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

என்னுடையது 2009-ம் வருஷத்து டீசல் கார். டர்போ பொருத்தியது. கதை எழுதிச் சம்பாதித்ததில் உருப்படியாக நின்ற சொத்து அது ஒன்றுதான். சென்ற மார்கழியில் ஒரு நாள் மதுரையிலிருந்து கிருஷ்ணன்கோவிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். டி. கல்லுப்பட்டியைத் தாண்டியதும் வண்டிக்கு மூச்சு இரைத்தது. மிதித்தால் சத்தம் வருகிறது, வேகம் வரவில்லை. பின்னால் கிளம்பிய கரும்புகையில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் முகத்தை மூடிக்கொண்டார். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று என்னை முந்திக்கொண்டு போயிற்று.

மறுநாள் பக்கத்து நகரம் ஒன்றில் பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கண்ணாடி அறை, குளிர்சாதனம், காபி. ஒரு இளைஞர் வண்டியில் ஏதோ கருவியைச் செருகினார். பத்து நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிட்டது.

"டர்போ போயிடுச்சு ஸார். முழு அசெம்பிளியையும் மாத்தணும்."

"எப்படித் தெரிந்தது?"

"கம்ப்யூட்டர் சொல்லுது ஸார்."

கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லவில்லை. எஞ்சினுக்குள் போக வேண்டிய காற்றின் அழுத்தம் குறைகிறது என்று மட்டும்தான் அது சொல்லிற்று. ஏன் குறைகிறது என்பது அதற்குத் தெரியாது. குழந்தைக்கு ஜுரம் என்று தெர்மாமீட்டர் சொல்கிறது. அதற்காகக் குழந்தையையே மாற்றிவிடலாம் என்று ஒரு டாக்டர் சொன்னால் நாம் சும்மா இருப்போமா? காருக்குச் சொன்னால் மட்டும் தலையை ஆட்டுகிறோம். நானும் ஆட்டினேன். பையில் பணம் இல்லாததால்தான் தப்பித்தேன், புத்தியால் அல்ல.

வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு ஊருக்கே வந்தேன். எங்கள் ஊரில் வத்திராயிருப்பு ரோடு பிரிகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. லாரியும் டிராக்டரும் பார்க்கிற பெரியவர் ஒருவர். அவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் என்னைத்தான் கேள்வி கேட்டார்.

"விசில் சத்தம் பழைய மாதிரி இருக்கா தம்பி, இல்லே புஸ்ஸுனு காத்துப் போற சத்தமா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பதினான்கு வருஷம் ஓட்டிய வண்டியின் குரல் எனக்குத் தெரியவில்லை!

எஞ்சின் ஆறும் வரை காத்திருந்தார். பிறகு டர்போவின் வாயில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்னச் சக்கரத்தை விரலால் ஆட்டிப் பார்த்தார். "பக்கவாட்டிலே துளி ஆட்டம் இருக்கும். அது ஆயில் நிக்கிற இடம். முன்னேயும் பின்னேயும் நகரக் கூடாது. றெக்கை சுவத்திலே உரசக் கூடாது. ரெண்டும் இல்லே. டர்போ நல்லாத்தான் இருக்கு" என்றார். அப்புறம் ஏர் ஃபில்டர். அப்புறம் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சின்னக் குழாய்கள். கடைசியில் காற்றுப் பாதையின் இரண்டு முனைகளையும் அடைத்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டே கொஞ்சமாகக் காற்றை விட்டு, குழாய் முழுவதும் சோப்புத் தண்ணீரைத் தடவினார். அமுக்கிய காற்றை ஆற வைக்கும் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஓஸின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத வளைவில், குபுகுபுவென்று நுரை கிளம்பிற்று. சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி ஓட்டை பார்க்கிறார்களே, அதே வித்தைதான்.

ஓஸ் எழுநூறு, கிளிப்புகள் எண்பது. "கூலி என்ன அண்ணாச்சி?" என்றேன்.

"ஓஸ் மாட்டுற வேலைதானே தம்பி. குடுக்கறதைக் குடுங்க."

இருநூறு கொடுத்தேன். பேரம் பேசாமல் கொடுத்துவிட்டோம் என்று பெருமை வேறு! வீட்டுக்கு வந்து காபியைக் கையில் எடுத்தபோதுதான் சுருக்கென்றது. மூன்று மணி நேரம் தேடி, என் ஐம்பத்தெட்டாயிரத்தைக் காப்பாற்றிய மனிதருக்கு, ஓஸ் மாட்டிய கூலியை மட்டும் கொடுத்திருக்கிறேன். தேடியதற்கு? கண்டுபிடித்ததற்கு? ஒரு செப்புக்காசு இல்லை.

இதுதான் என் வழக்கு. சாமான் வாங்க நாம் பணம் கொடுக்கிறோம், கண்டுபிடிப்பதற்குக் கொடுப்பதில்லை. அந்தப் பெரியவரும் "டர்போ போச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடைக்காரரிடம் நல்ல கமிஷன் கிடைத்திருக்கும். நானும் நன்றி சொல்லிக் கும்பிட்டிருப்பேன். உண்மை சொன்னதற்கு இருநூறு, பொய் சொன்னால் ஆயிரக்கணக்கில். இந்தக் கூலி விகிதத்தை வைத்தவர்கள் நாம். வைத்துவிட்டு, "மெக்கானிக்குகள் எல்லாம் திருடன்கள் ஸார்" என்று திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்களும் நாமேதான்.

டர்போ என்பது ஒரு மாயப் பொருள் அல்ல. ஆல்ஃபிரட் பூஷி என்ற ஸ்விட்ஸர்லாந்து எஞ்சினீயர் 1905-ல் காப்புரிமை வாங்கிய யோசனை அது. வீணாக வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழலும். அதே அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் எரிபொருளைக் கூட எரிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் சிறிய காரில் அந்த அச்சு நிமிஷத்துக்கு ஒரு லட்சம், இரண்டு லட்சம் தடவை என்று சுழல்கிறது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம். அழுக்கு ஆயில், அடைத்த ஆயில் குழாய், கிழிந்த ஃபில்டர் வழியே போன மண், மலை ஏறி வந்த சூட்டோடு சட்டென்று எஞ்சினை நிறுத்துகிற அவசரம் — டர்போவைக் கொல்கிறவை பெரும்பாலும் இவைதான். எல்லாம் அதற்கு வெளியே இருக்கிற காரணங்கள். காரணத்தைத் தேடாமல் புது டர்போ மாட்டினால், பழையதைக் கொன்ற எமன் புதியதையும் கொல்வான். மறுபடியும் பில் வரும்.

அமெரிக்காவில் 1962-ல் ஓல்ட்ஸ்மொபீல் கம்பெனி ஜெட்ஃபயர் என்ற டர்போ கார் ஒன்றை விற்றது. தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை அதற்கு அவ்வப்போது ஊற்ற வேண்டும். பல சொந்தக்காரர்கள் ஊற்றவில்லை. வண்டி சுணங்கிற்று. கடைசியில் டர்போவையே கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக்கொடுத்தது கம்பெனி. நம் ஜாதிக் குணம் உலகப் பொதுவானது என்று ஓர் ஆறுதல்!

"இதெல்லாம் பழைய வண்டி; தள்ளிவிட்டுப் புதுசு வாங்குவதுதானே?" என்பார்கள் சிலர். நம் நாட்டில் மாருதி ஸ்விஃப்ட் 2007-ல் டர்போ டீசல் எஞ்சினோடு வந்தது. ஃபியட் வடிவமைத்த அதே 1.3 லிட்டர் எஞ்சினை டாட்டாவும் தன் கார்களில் வைத்தது. 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. விற்ற வண்டிகள் நின்றுவிட்டனவா? இன்றைக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவைதாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் புதுக் கார் வாங்க வக்கில்லாத நம்மைப் போன்ற ஜனங்கள். பழுதைக் கண்டுபிடிக்கிற கை அற்றுப் போனால் நஷ்டம் நமக்குத்தான். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் ஜனங்கள் 2012-ல் ஓட்டுப் போட்டுப் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கிக்கொண்டார்கள். இங்கே மத்திய அரசு 2022 டிசம்பரில் அதே பெயரில் ஓர் இணையதளத்தைத் திறந்து வைத்தது. திறந்தது நல்லது. ஆனால் உரிமையை உபயோகிக்கக் கை வேண்டாமா?

கை என்றதும் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வருகிறது. 1984-ல் இங்கே ஆரம்பித்த எஞ்சினீயரிங் கல்லூரி இன்று பல்கலைக்கழகம். டீக்கடையில் என்னோடு பேசுகிற மாணவர்களில் பழைய டர்போ கார் வைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு ஒரே ஆசை: ஒரு பெட்டியை மாட்டினால் இருபது குதிரைச் சக்தி கூடுமாம். அந்தப் பெட்டிகளில் பல என்ன செய்கின்றன தெரியுமா? டீசலின் அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று எஞ்சினின் மூளைக்குப் பொய் சொல்கின்றன. மூளை நம்பி அழுத்தத்தைக் கூட்டுகிறது. ஓஸ் கிழிந்து மூச்சுத் திணறுகிற வண்டிக்கு இதை மாட்டுவது, இளைப்பு நோய்க்காரனுக்குச் சாராயம் ஊற்றி ஓடச் சொல்வதற்குச் சமானம். எரியாத டீசல் கரும்புகையாகப் பின்னால் வருகிறவர் நெஞ்சில் படிகிறது.

சட்டமும் சும்மா இல்லை. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிற்று. அதே வருஷத்துத் திருத்தச் சட்டம், மாற்றம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. ஆனால் என் ஆட்சேபம் சட்டத்தைப் பற்றியதல்ல. அசெம்பிளியை மாற்றச் சொன்ன கண்ணாடி அறைக்காரரும் பெட்டி மாட்டுகிற பையனும் ஒரே கட்சி. இரண்டு பேரும் வண்டி என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. "தம்பி, ஆசையாக இருந்தால் காற்றழுத்தம் காட்டும் ஒரு மீட்டரை முதலில் மாட்டு, பெட்டி வண்டியிடம் பொய் சொல்லும், மீட்டர் உன்னிடம் உண்மை சொல்லும்" என்று ஒரு பையனிடம் சொன்னேன். சிரித்தான்.

அவனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஒரு மோட்டார் சைக்கிளின் மேல் ஆசைப்பட்டு, ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதை வாங்கிப் பிரித்துப் பார்த்துக் கற்றவர். அவரைப் பற்றிப் பேச்சுப் போட்டியில் பிள்ளைகளைப் பேச வைக்கிறோம். அதே பிள்ளை கையில் கிரீஸோடு வீட்டுக்குள் வந்தால், "படிக்கிற பையனுக்கு இது எதற்கு?" என்கிறோம். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காத எனக்கே அந்தக் கௌரவம் தடுத்ததே! பதினான்கு வருஷத்தில் ஒரு தடவையாவது பானெட்டைத் திறந்து அந்த ஓஸைத் தடவிப் பார்த்திருக்கிறேனா?

மறு வாரம் அந்தக் கொட்டகைக்குப் போய் ஆயிரம் ரூபாயை நீட்டினேன்.

"எதுக்குத் தம்பி இது? அன்னைக்கே குடுத்துட்டீங்களே?"

"அது ஓஸ் மாட்டினதுக்கு. இது கண்டுபிடிச்சதுக்கு அண்ணாச்சி."

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். நாற்பது வருஷத் தொழிலில் அந்தக் கணக்கில் ஒருவரும் கொடுத்ததில்லை என்றார். பணத்தை வாங்கிக்கொண்டார். எனக்கு ஸ்டூல் போட்டு, டர்போ அச்சை எப்படி ஆட்டிப் பார்ப்பது என்று காட்டிக் கொடுத்தார்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய தியாகம் அல்ல. அடுத்த தடவை வண்டியை விடும்போது, "என்ன மாற்ற வேண்டும்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "என்ன கண்டுபிடித்தீர்கள்? எப்படி?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவருக்கு அதற்கென்று தனியாகக் கூலி கொடுங்கள். ஒன்றையும் மாற்றத் தேவையில்லை என்று அவர் சொன்னாலும் கொடுங்கள்; அப்போது இன்னும் கொஞ்சம் சேர்த்தே கொடுங்கள்.