மிதவை வாங்கக் காசில்லையாம்!



எங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்று இரண்டு நாளாக வரவில்லை. விசாரித்தால், வாப்பா கடலில் காணாமல் போய்க் கிடைத்தாராம். அட்டைக்குச் சிலிண்டரோடு குளிக்கப் போனவர். மேலே வந்து பார்த்தால் போட் வெகு தூரத்தில். கையைத் தூக்கினார், கத்தினார். எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? மூன்று மணித்தியாலம் மிதந்தவரை வேறொரு போட் தூக்கியது. அல்ஹம்துலில்லாஹ், ஜனாஸா வரவில்லை. அதனால் ஊர் மறந்துவிட்டது. நாங்கள் மறக்கமாட்டோம்.

அலையில் மிதக்கும் மனிதத் தலை ஒரு தேங்காய் அளவுதான். கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் மாதங்களில் நீரோட்டமும் சேர்ந்தால், தேடுகிறவன் ஒரு பக்கம், மிதக்கிறவன் மறுபக்கம். இதற்குத்தான் சுழியோடிகளுக்கென்று காற்றடைக்கும் குழாய் மிதவை இருக்கிறது. சுருட்டினால் இடுப்பில் கிடக்கும். ஊதினால் ஆள் உயரத்துக்கு நிற்கும்.

ஏன் வாங்கவில்லை என்று கேட்டால் மூன்று பதில்கள்.

ஒன்று: "கேன் கட்டியிருக்கிறோம் சேர்." வெள்ளைக் கேன் தண்ணீரோடு படுத்துக் கிடக்கும். தூரத்தில் அது நுரையா, வலை மிதவையா என்று யாருக்குத் தெரியும்?

இரண்டு: "மிதவை போட்டால் எங்கட இடம் மற்றவனுக்குத் தெரிஞ்சிடும்." இது அறியாமை. குளித்து முடித்து மேலே வரும்போது கீழிருந்து அனுப்பும் மிதவைதான் நாங்கள் சொல்வது. வேலை நடக்கும்போது அது மேலே இருக்கவே இருக்காது.

மூன்று: "எல்லாம் கழா கத்ர்." ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எஞ்சினுக்கு இலட்சக்கணக்கில் கொட்டும் முதலாளிமார் ஆளின் உயிருக்கு மட்டும் கத்ரைக் காட்டுவது தவக்குல் அல்ல, கஞ்சத்தனம்.

வாங்குவதென்றால் பார்த்து வாங்குங்கள். ஒரு மீற்றருக்குக் குறைந்தது விளையாட்டுச் சாமான். 1.5 முதல் 1.8 மீற்றர் வரை உயரம் வேண்டும். நிறம் செம்மஞ்சள் அல்லது பளிச்சென்ற மஞ்சள், தலையில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி. அடி திறந்த மிதவை சாய்ந்தால் காற்றை விட்டுவிடும். அடி மூடியதாக, வாயாலும் ஊதக்கூடியதாக, அதிக காற்றைத் தானே வெளியேற்றும் வால்வு உள்ளதாக எடுங்கள். 10 மீற்றர் ஆழத்தில் ஊதிய காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காகும். வால்வு இல்லாவிட்டால் வெடிக்கலாம். சுருளில் உள்ள நூல் நீங்கள் மிதவை அனுப்பும் ஆழத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். 20 மீற்றரிலிருந்து அனுப்புகிறவருக்கு 30 மீற்றர் நூல்.

ஒன்றை மறக்க வேண்டாம். மிதவை அனுப்பும்போது சுருளை உடம்பில் கொழுவாதீர்கள். நூல் சிக்கினால் மிதவை உங்களையும் சேர்த்து மேலே இழுக்கும். வேகமாக மேலே வந்து கை கால் விளங்காமல் படுக்கையில் கிடக்கும் சகோதரர்களை நம் கரையோர ஊர்கள் அறியும். கையில் பிடியுங்கள், சிக்கினால் விட்டுவிடுங்கள். வாங்கிய அன்றே ஆழ்கடலுக்குக் கொண்டு போகாமல், ஆழம் குறைந்த இடத்தில் நாலைந்து தரம் பழகுங்கள்.

முதலாளிமாரே, மிதவை இல்லாத ஆளைப் போட்டில் ஏற்றாதீர்கள். அந்தச் செலவு சுழியோடியின் பங்கில் கழிக்க வேண்டியதல்ல, எஞ்சின் எண்ணெயைப் போல உங்கள் செலவு. பள்ளி நிர்வாகிகளே, காணாமல் போனவருக்காக ஒலிபெருக்கியில் துஆக் கேட்கிறீர்கள். போகும் முன்னரும் ஒரு ஜும்ஆவில் இதைச் சொல்லுங்கள். தம்பிமாரே, முதலாளி தராவிட்டால் இறங்க மாட்டோம் என்று சேர்ந்து சொல்லுங்கள். தனியாகச் சொன்னால் வேறு ஆள் பிடிப்பார். எல்லோரும் சொன்னால் மிதவை வாங்குவார்.

அந்தப் பிள்ளை இப்போது பாடசாலைக்கு வருகிறது. வாப்பாவும் மீண்டும் கடலுக்குப் போகிறார், அதே கேனோடு. இதைப் படிக்கும் முதலாளிமாரில் ஒருவர் அவருடைய முதலாளி.