சொன்னால் நம்பமாட்டீர்கள்

"சொன்னா நம்ப மாட்டீங்க, கொள்முதலே அந்த விலைதாங்க" என்று நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லாத மளிகைக்காரர் நம்மில் உண்டா? ஏறக்குறைய இதே சொற்களைத் தலைப்பாக வைத்துத் தம் அனுபவங்களை ஒரு நூலாக எழுதிவைத்தவர் சின்ன அண்ணாமலை. செட்டிநாட்டில் 1920-ல் பிறந்து, சென்னைக்கு வந்து 'தமிழ்ப் பண்ணை' என்ற புத்தக நிலையத்தை நடத்தியவர். சரக்குதான் வேறு; அவரும் கொள்முதல், விற்பனை, பாக்கி என்று அலைந்த நம் இனத்தவரே.

அவர் பட்டது கொஞ்சமல்ல. 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் கைதாகித் திருவாடானைச் சிறையில் கிடந்தார். ஆயிரக்கணக்கான மக்கள் பட்டப்பகலில் சிறையை உடைத்து அவரை மீட்டார்கள். அப்புறம் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி, மீண்டும் சிறை. இத்தனையும் பட்டவர், இரக்கம் தேடாமல், திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவரைப் போல நகைச்சுவையோடு சொல்லிக்கொண்டு போகிறார். 1980-ல் தம் மணிவிழா நாளன்றே அவர் காலமானார். எழுதிவைத்திருந்ததால் தப்பியது அந்தச் சிரிப்பு.

நம் கடைகளிலோ, பேரேட்டில் ஏறுவது பற்றும் வரவும் மட்டுமே. பட்ட கஷ்டத்தை இரவு கடை கட்டியபின் வீட்டில் புலம்பித் தீர்த்துவிடுகிறோம். அந்தப் புலம்பலை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை, "இந்தத் தொழில் எனக்கு வேண்டாம்" என்றுதானே சொல்வான்? சொல்கிறான். வாரிசு இல்லாமல் ஷட்டர் இறங்கிய கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அதற்குக் காரணம் பெரிய அங்காடிகள் மட்டும் என்று நாம் நினைக்கவில்லை.

சிரிக்க நம்மிடம் சரக்கில்லையா? 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கடன் நோட்டில் வருடக்கணக்காகத் தூங்கிய பாக்கிதாரர்கள் விடிந்ததும் தாமாகவே கடை தேடி வந்தார்கள். நம்மைக் கண்டால் அடுத்த தெருவில் நுழைகிறவர்கள், "அண்ணே, கணக்கை முடிச்சுக்கங்க" என்று கட்டாக நீட்டினார்கள். ஆயுளில் ஒருநாள் பாக்கி முழுக்க வசூலானது. அதுவும் செல்லாத நோட்டாக!

2022 ஜூலை 18 முதல் இன்னொரு கூத்து. 25 கிலோ வரை லேபிள் ஒட்டிக் கட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி என்றார்கள். உடனே சந்தைக்கு 26 கிலோ சிப்பம் வந்தது. வரிக்குத் தப்பிக்க அரிசியே ஒரு கிலோ பருத்துவிட்டது! எத்தனை வாடிக்கையாளர்கள், "அந்த ஒரு கிலோ இனாமா?" என்று கேட்டிருப்பார்கள்!

ஆனால் எல்லாவற்றையும் சிரிப்பில் சேர்க்கலாம் என்பது நம் கருத்தல்ல. 2020 ஆடியில் மலைமேல் பக்தர்களுக்கு அனுமதியில்லை. காவடியை நம்பிக் கடை வைத்திருந்தவர்கள் வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருடத்தைப் பற்றிச் சிரிக்க அவர்களுக்குத்தான் உரிமை. கடன் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து போகும் கூலிக்காரரை வைத்தும் சிரிக்கக் கூடாது. சின்ன அண்ணாமலை சிறைப்பட்ட கதையைச் சிரித்துச் சொல்ல முடிந்தது, பட்டவர் அவரே என்பதால்.

வரி, உரிமம், எடைக்கல் முத்திரை என்று சங்கம் மனுக் கொடுப்பது நிற்காது. கோபம் வேண்டிய இடத்தில் கோபம் வேண்டும். அதன் பக்கத்தில், உறுப்பினர்கள் தாங்களே மாட்டிக்கொண்டு விழித்த கதைகளுக்கும் இவ்விதழில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்கிறோம். முக்கியமாக, 1960 ஏப்ரலில் திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த நாளில் கல்லாவில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் முதலில் கேட்டு எழுத வேண்டும். எழுத முடியாதவர் சொன்னால் போதும். நகரி, புத்தூர் வாடிக்கையாளரோடு பேசிப் பழகிய தெலுங்கிலேயே சொன்னாலும் சரி. பாக்கிதாரர் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். அவர் நாளைக்கும் கடைக்கு வரவேண்டும்.