ஒத்து ஊதுகிறவனுக்கு ஒரு கிதார்

சமீபத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். மேடையில் மெல்லிசைக் குழு. கீபோர்டு, ரிதம் பேட், தபேலா, இரண்டு பாடகர்கள். பேஸ் கிதார்காரரைக் காணோம். ‘ஏன் இல்லை?’ என்று பெண்ணின் அப்பாவிடம் கேட்டேன்.

‘‘அது எதுக்குங்க? கீபோர்டுக்காரரே இடது கையில சமாளிச்சுடுவாரு. ஒரு ஆள் சம்பளம் மிச்சம்!’’

பந்தியில் மூன்று வகை அல்வா போட்டவர் அவர்.

இந்த ‘எதுக்குங்க’வோடுதான் எனக்குச் சண்டை. நாகஸ்வரத்துக்கு ‘ஒத்து’ என்று ஒன்று துணைக்கு இருந்தது. ஒரே சுருதியை விடாமல் ஊதுவது அதன் வேலை. சுருதிப்பெட்டி வந்து அந்த ஆளைக் கிளப்பிவிட்டது. பேஸையும் அப்படி ஒரு ஒத்து என்றே நினைக்கிறோம். தப்பு சார்! இளையராஜா 1976-ல் ‘அன்னக்கிளி’யில் அறிமுகமானார். அதற்குப் பிறகு அவர் போட்ட மெட்டுக்களில் பேஸை மட்டும் கவனித்துக் கேளுங்கள். அடியில் இன்னொரு பாட்டே ஓடிக்கொண்டிருக்கும். கெட்டிக்காரக் கீபோர்டுக்காரர் இடது கையில் அந்த ஸ்வரங்களைக் கொடுத்துவிடுவார்தான். ஆனால், கம்பியில் விரல் வழுக்கும் குழைவையும், சட்டென்று பொத்தி நிறுத்தும் அழுத்தத்தையும் எங்கிருந்து கொண்டுவருவார்?

அடுத்த சண்டை, வாசிக்கிற பிள்ளைகளோடு. சிதம்பரம் மேலவீதி டீக்கடையில் ஒரு பையன் பிடித்துக்கொண்டான். கல்யாணக் கச்சேரிகளில் இரவல் கிதார் வாசித்து இருபதாயிரம் சேர்த்து வைத்திருக்கிறான். ‘‘சார், அஞ்சு கம்பி வாங்கட்டுமா, ஆறு கம்பியா?’’

நாலு போதும் தம்பி. நாலு கம்பி பேஸின் கீழ்க்குரல் சுமார் 41 ஹெர்ட்ஸ். ஐந்தாவது கம்பி சுமார் 31 வரை இறங்கும். மண்டபத்து ஸ்பீக்கர் பெட்டிகளில் பெரும்பாலானவை அதை வெளியே விடாமல் முழுங்கிவிடும். பாடகர் சுருதி இறக்கினால் கடைசிக் கம்பியின் முடுக்காணியை ஒரு திருகு தளர்த்திக்கொள். தீர்ந்தது.

அடுத்தது பிக்-அப். லியோ ஃபெண்டர் 1951-ல் ‘பிரிசிஷன்’ பேஸைக் கொண்டுவந்தார். 1957-ல் அதன் பிக்-அப்பை இரண்டாகப் பிளந்து வைத்ததில் இரைச்சல் அடங்கியது. 1960-ல் வந்த ‘ஜாஸ்’ பேஸில் இரண்டு பிக்-அப்கள். இரண்டையும் முழுசாகத் திறந்தால் சத்தமில்லை. ஒன்றைக் குறைத்தால் சீரியல் லைட்டும் ஜெனரேட்டரும் சேர்ந்து ‘ங்ங்ங்’ என்று கூடவே பாடும். கல்யாண மேடையில் இந்த இரண்டுக்கும் என்றைக்குப் பஞ்சம்?

எனவே கழுத்துப் பக்கம் பிரிசிஷன் பிக்-அப்பும், பின்னால் ஜாஸ் பிக்-அப்பும் வைத்த ‘பி.ஜே.’ வகையைப் பார். மெலடிக்கு முன்னது மட்டும் போதும், உருண்டையாக ஒலிக்கும். குத்துப்பாட்டு வந்தால் பின்னதையும் கலந்துகொள், நறுக்கென்று வெட்டும். ஒரே ராத்திரியில் பழைய பாட்டு, புதுப் பாட்டு, கானா எல்லாம் வாசிக்கிறவனுக்கு இதுதான் தோது.

9 வோல்ட் பேட்டரி கேட்கும் ‘ஆக்டிவ்’ ரகம் வேண்டாம். தாலாட்டுப் பாட்டு நடுவில் பேட்டரி தூங்கிவிட்டால் நீயும் தூங்க வேண்டியதுதான். கடையில் கால் மணி நேரம் தோளில் மாட்டிக்கொண்டு நின்று பார். கச்சேரி முடிந்து கடலூரிலிருந்து கடைசி பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வரப்போகிறவன் நீ. கடற்கரை ஊர் வேறு. வாசித்து முடித்ததும் கம்பியைத் துடை, உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. மிச்சக் காசில் நல்ல கேபிள் ஒன்றும், மிக்ஸருக்குச் சுத்தமாக ஒலி அனுப்ப ஒரு டி.ஐ. பாக்ஸும் வாங்கு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பையன் சொன்னான்: ‘‘சரிதான் சார். ஆனா, ஆறு கம்பி வெச்சிருந்தா கொஞ்சம் மதிப்பாங்க.’’

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவனுக்கு மரியாதை கிடைக்காததால்தான், தேவையில்லாத இரண்டு கம்பிகளுக்குக் காசு அழப் பார்க்கிறான். 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பாடம் உண்டு. அது அந்தக் கலைஞர்களுக்கு நாம் கொடுத்த மரியாதை. இந்தப் பையன் காதால் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டவன். அவனுக்கு நாம் கொடுப்பது ‘எதுக்குங்க?’

அடுத்த முகூர்த்தத்துக்குக் குழு பேசும்போது ‘பேஸ் யார் வாசிக்கிறாங்க?’ என்று கேளுங்கள். யாருமில்லை என்றால், ஒரு அல்வாவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.